பூட்டிய இயங்குதளமும் கோபியின் கல்யாண ஸ்டுடியோவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. உரிமையாளரும் இரண்டு எடிட்டர்களும் நிரந்தரம். முகூர்த்த நாட்களில் மட்டும் சத்தியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் கேமராக்காரர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். 2024 கடைசியில் இவர்களுக்கு எடிட்டிங் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. ஆப்பிள் கம்பெனியின் மேக் வாங்கலாமா, பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்யலாமா என்ற வழக்கமான கேள்விதான். ஆனால் அவர்களோடு கணக்குப் போட உட்கார்ந்தபோது, விலைப்பட்டியலில் எங்கேயும் இல்லாத ஒரு செலவுதான் பெரிது என்று தெரிந்தது. ஐந்து வருட வேலை முழுக்க ஒரே கம்பெனியின், அதாவது ஆப்பிளின், இயங்குதளத்தில் (ஆபரேட்டிங் சிஸ்டம்) மட்டும்தான் திறக்கும். அந்த இயங்குதளம் அதே கம்பெனியின் இயந்திரத்தில் மட்டும்தான் ஓடலாம். அந்த நிலைமை எப்படி வந்தது, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது, கடைசியில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வேலையின் அளவு

கொங்குக் கல்யாணத்தில் சீர்கள், அதாவது சடங்குகள், அதிகம். உருமால் கட்டு, இணைச்சீர் என்று அருமைக்காரர் முன்னின்று நடத்தும் ஒவ்வொன்றும் வீட்டுப் பெரியவர்களுக்கு முக்கியம். மங்கல வாழ்த்துப் பாட்டை ஒரு வரி விடாமல் கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நடுவில் வெட்டிவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டால், வீடியோ வாங்க வரும் அன்றைக்கே சண்டைதான்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, எட்டு மணி நேரம் என்றால் 720 ஜிபி. எடிட்டிங் சுலபமாக இருக்கட்டும் என்று ப்ரோரெஸ் 422 என்ற ஆப்பிளின் வீடியோ வடிவத்துக்கு மாற்றினால் ஒரு மணி நேரக் காட்சியே 220 ஜிபியைத் தொடும். கல்யாணம் முடிந்து கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மருமகள் வந்து, "எங்க தாத்தா இணைச்சீர்ல நின்னது தனியா வேணுமுங்க, அவரு இப்ப இல்லீங்க" என்று கேட்பார். அன்றைக்குப் பழைய ப்ராஜெக்ட் திறக்க வேண்டும். இந்தத் தொழிலில் கம்ப்யூட்டர் என்பது வேலை செய்யும் கருவி மட்டும் கிடையாது, ஊராரின் நினைவுகளை வைத்திருக்கும் பெட்டியும் அதுதான்.

2019: குறுக்கு வழி

எடிட்டர்கள் இரண்டு பேருக்கும் கை பழகிய மென்பொருள் ஃபைனல் கட் ப்ரோ. அது மேக்கில் மட்டுமே ஓடும். 2019ல் 27 அங்குல ஐமேக்கின் தொடக்க விலை 1,69,900 ரூபாய். வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஸ்டுடியோ அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கேமரா வாங்கும். கோவையில் ஒருவர் இன்டெல் எட்டாம் தலைமுறை சிப்போடு ஓர் இயந்திரத்தை அசெம்பிள் செய்து, அதில் ஆப்பிளின் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். தொழிலில் இதை ஹேக்கின்டாஷ் என்பார்கள். ஏறக்குறைய பாதி விலையில் முடிந்தது.

இது சாத்தியமானதற்கு ஒரே காரணம், 2006லிருந்து மேக்குகளும் எல்லோரும் வாங்கும் இன்டெல் சிப்பிலேயே ஓடியதுதான். உள்ளே இருக்கிற பாகங்கள் ஒன்று. பூட்டு மட்டும் தனி: ஆப்பிள் இயந்திரமா என்று இயங்குதளம் தானே சோதித்துப் பார்க்கும், உரிம ஒப்பந்தமும் ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று சொல்லும். அந்த ஒப்பந்தத்தை மீறித்தான் ஓட்டினார்கள், அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. மீறலுக்கு விலையும் உண்டு. 2018 செப்டம்பரில் வந்த மேக் இயங்குதளத்தின் மொஹாவே பதிப்பிலிருந்து என்விடியாவின் புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வழியே இல்லை, ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பயம். ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை அப்டேட் பொத்தானைத் தொடக்கூடாது என்று மானிட்டர் ஓரத்தில் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெலுக்குப் பதிலாகத் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. அதோடு அந்தச் சந்து அடைபட ஆரம்பித்தது. 2025 ஜூனில் ஆப்பிளே அறிவித்துவிட்டது: இயங்குதளத்தின் டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி.

ஆனால் ஸ்டுடியோ அதற்கு முன்பே மாட்டிக்கொண்டது. 2024ல் வேலை அதிகமாகி, ஒரு கல்யாணத்தின் எடிட்டிங்கைக் கோவையில் இருக்கும் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவரிடம் புதிய மேக், புதிய ஃபைனல் கட். அவர் திறந்ததும் லைப்ரரி (ஃபைனல் கட் தன் ப்ராஜெக்டுகளைச் சேர்த்துவைக்கும் கோப்பு) புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டது. திரும்பி வந்தபோது பழைய இயந்திரத்தில் திறக்கவில்லை. "அண்ணா, நம்ம ஃபைலுதானுங்க, நமக்கே தொறக்க மாட்டேங்குது" என்று எடிட்டர் சொன்னார். புதிய ஃபைனல் கட் போட வேண்டுமென்றால் புதிய இயங்குதளம் வேண்டும். புதிய இயங்குதளம் அந்த இயந்திரத்தில் நிலையாக நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போன் செய்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எடிட்டர் கோவைக்கே போய் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2011 ஜூனில் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தபோது, பழைய ஃபைனல் கட் 7 ப்ராஜெக்டுகளை அது திறக்கவில்லை. முறையாகக் காசு கொடுத்து மேக் வாங்கிய உலகத்து எடிட்டர்கள் எல்லோரும் அன்றைக்கு இதே இடத்தில்தான் நின்றார்கள். அதனால் இதை ஹேக்கின்டாஷ் போட்டவருக்குக் கிடைத்த தண்டனை என்று மட்டும் பார்க்க முடியாது.

இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனபோது

தறி வாங்கினால் பாவு நூலும் அதே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஈரோட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் என்னிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்துவதைத்தான் போட்டிச் சட்டம் பிணைப்பு விற்பனை என்கிறது. இயங்குதளத்தையும் இயந்திரத்தையும் இப்படிப் பிணைக்கலாமா என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு எதிரெதிர் பதில்கள் கிடைத்தன.

முதல் வழக்கு அதிகம் பேர் அறியாதது. டேட்டா ஜெனரல் என்ற கம்பெனி நோவா என்ற மினி கம்ப்யூட்டரையும், அதற்கு ஆர்டாஸ் என்ற இயங்குதளத்தையும் விற்றது. நோவாவின் கட்டளைகளை அப்படியே புரிந்துகொள்ளும் இயந்திரங்களை டிஜிடைன் முதலிய கம்பெனிகள் செய்தன. எங்கள் இயந்திரம் இருந்தால்தான் ஆர்டாஸ் தருவோம் என்றது டேட்டா ஜெனரல். 1984ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது. காரணத்தைக் கவனியுங்கள். வாங்கியவர்கள் ஆர்டாஸின் மேல் தங்கள் சொந்த மென்பொருளை எழுதிக் குவித்திருந்தார்கள். வேறு இயங்குதளத்துக்கு மாறினால் அத்தனையும் மறுபடி எழுத வேண்டும். அப்படி அவர்கள் மாட்டிக்கொண்டிருப்பதே கம்பெனியின் பலம் என்று நீதிமன்றம் கண்டது. கோபி ஸ்டுடியோவின் லைப்ரரிகளை நினைத்தால் எனக்கு இந்தத் தீர்ப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இடையில் ஆப்பிளே கொஞ்ச காலம் கதவைத் திறந்து வைத்தது. 1995லிருந்து பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ், மோட்டோரோலா போன்றவர்கள் உரிமத்தோடு மேக் நகல்களை விற்றார்கள். விலை குறைந்தது, வேகம் கூடியது. ஆனால் விண்டோஸ் வாடிக்கையாளர்களை இழுப்பார்கள் என்று நம்பிய நகல்காரர்கள், ஆப்பிளுக்கு லாபம் தரும் விலை உயர்ந்த மாடல்களின் வியாபாரத்தையே தின்றார்கள். 1997ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் கதவு சாத்தப்பட்டது. உரிமங்கள் அன்றைய மேக் இயங்குதளமான சிஸ்டம் 7 வரைக்கும்தான் என்பதால் அடுத்த பதிப்புக்கு மேக் ஓஎஸ் 8 என்று பெயர் வைத்தார்கள். பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வியாபாரத்தை 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து ஆப்பிளே வாங்கிக்கொண்டது. அன்றைய நிலையில் கம்பெனி பிழைக்க இது தேவைப்பட்டது என்ற வாதத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். இன்றைய ஆப்பிளுக்கு அந்த வாதம் பொருந்தாது.

அப்புறம் வந்தது சைஸ்டார். 2008 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் இருந்த இந்தச் சிறிய கம்பெனி, ஆப்பிளின் லெப்பர்ட் இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர்களை விற்க ஆரம்பித்தது. இயந்திரத்தின் தொடக்க விலை 399 டாலர், லெப்பர்ட் போட்டுத் தரத் தனிக் காசு. அப்போது மலிவான மேக்கான மேக் மினிக்கு 599 டாலர். லெப்பர்டின் பெட்டி தனியாக 129 டாலருக்குக் கடையில் கிடைத்தது, சைஸ்டாரும் அதைக் காசு கொடுத்தே வாங்கியது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. சைஸ்டார் பதிலுக்குப் பிணைப்பு விற்பனைக் குற்றச்சாட்டை வைத்தது.

2008 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். மேக் இயங்குதளம் தனிச் சந்தை ஆகாது, விண்டோஸும் அதே சந்தையில் போட்டியிடுகிறது என்றார். 1992ல் கோடாக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயந்திரம் வாங்கி மாட்டிக்கொண்டவர்களின் பழுதுபார்ப்புச் சந்தையைத் தனியாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. அதுவும் இங்கே பொருந்தாது என்றார். வாங்குகிறவர் நிபந்தனையைத் தெரிந்தே ஒத்துக்கொண்டு வாங்குகிறார் என்பது அவர் சொன்ன காரணம். 2009ல் பதிப்புரிமைப் பக்கமும் ஆப்பிளே வென்றது. ஒரே மூலப் பிரதியிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் நகலெடுத்ததும், பூட்டைத் தாண்டியதும் சைஸ்டாரைக் கவிழ்த்தன. 2011ல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

பதிப்புரிமைத் தீர்ப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கம்பெனிக்காக வருத்தப்படவும் இல்லை. தெரிந்தே ஒத்துக்கொண்டார்கள் என்ற அந்த ஒரு வரிதான் நெருடுகிறது. நம் ஊரில் கம்ப்யூட்டர் எப்படி வாங்குகிறோம்? கடைப் பையனே பெட்டியைப் பிரித்து, ஆன் செய்து, ஒத்துக்கொள்கிறேன் என்ற பொத்தானையும் அவனே அழுத்தி, வைஃபை போட்டு நம் கையில் தருவான். அந்த ஒப்பந்தத்தைப் படித்த ஒரு வாடிக்கையாளரையும் நான் பார்த்ததில்லை. அப்படியே படித்தாலும், ஐந்து வருடம் கழித்துத் தன்னிடம் எத்தனை கல்யாணங்கள் சேர்ந்திருக்கும், அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்த என்ன செலவாகும் என்று வாங்கும் நாளில் யாரால் கணக்குப் போட முடியும்?

இந்தியப் போட்டி ஆணையம் 2014ல் கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான் கேட்டது, கார்களைப் பற்றி. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தராமல் வைத்திருந்த 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காரை வாங்கும்போதே வாழ்நாள் செலவு முழுவதையும் வாடிக்கையாளர் கணக்கிட முடியாது, வாங்கிய பிறகு ஒவ்வொரு கம்பெனியின் உதிரி பாகமும் ஒரு தனிச் சந்தை என்றது ஆணையம். மேல்முறையீட்டில் சில கம்பெனிகளின் அபராதம் குறைக்கப்பட்டது. இதே ஆணையம் 2013ல், ஐபோனைச் சில செல்போன் சேவைக் கம்பெனிகளோடு பிணைத்து விற்றதாக வந்த புகாரை முடித்துவைத்தது. ஆப்பிளுக்கு இங்கே ஆதிக்க நிலை இல்லை என்பது அதில் முக்கியமான காரணம். கம்ப்யூட்டர் சந்தையில் மேக்கின் பங்கு சிறியது என்பதால் இயங்குதளப் பிணைப்புக்கும் அதே பதில் வரக்கூடும். என் கருத்தில், கார் வழக்கின் பார்வைதான் சிறு தொழில்காரரின் நிலைமையைச் சரியாகப் பிடித்தது. வாங்கும் வரைக்கும் சந்தை பெரியது. வாங்கி, வேலையைக் குவித்த பிறகு சந்தையில் ஒரே கடைதான்.

விலைப் படிக்கட்டு

இனி 2024 நவம்பர் கணக்கு. எம்4 மேக் மினியின் தொடக்க விலை 59,900 ரூபாய்: 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. சேமிப்பை 512 ஜிபி ஆக்கினால் 79,900. அதோடு ரேமையும் 24 ஜிபி ஆக்கினால் 99,900. ஒவ்வொரு படிக்கும் 20,000 ரூபாய்.

"ஏனுங்க, இருவதாயிரத்துக்கு எந்த ஊர்லீங்க 256 ஜிபி விக்கறாங்க?" என்றார் உரிமையாளர். நியாயமான கேள்வி. அந்தச் சமயத்தில் அதைவிட நான்கு மடங்கு பெரிய ஒரு டிபி எஸ்எஸ்டி, அதில் பாதிப் பணத்துக்கும் கீழே கடையில் கிடைத்தது.

முதல் படி விலையைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்கு அது நல்ல இயந்திரம், இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். இப்போதைய கேமராக்கள் நிற விவரத்தை அதிகமாக வைத்துச் சுருக்கிப் பதியும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 காட்சிகளை அவர்களுடைய பழைய எட்டாம் தலைமுறை இன்டெல் தடுமாறித் தடுமாறித்தான் ஓட்டியது. மேக் மினி இழுத்த இழுப்புக்கு ஓடியது. சில நூறு வாட் இழுக்கும் அசெம்பிள் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் மின்சாரமும் மிகக் குறைவு. கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரம் பல மடங்கு கூடும். கல்யாண சீசனில் கோபியில் இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் இரண்டாம் படியிலிருந்து. ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. சேமிப்புத் துண்டு கழற்றக்கூடியதுதான், ஆனால் ஆப்பிளுக்கே உரிய வடிவம், கடையில் விற்கும் எஸ்எஸ்டி அதில் உட்காராது. அசெம்பிள் இயந்திரத்தில் ஒரு கம்பெனி ரேமுக்கு அநியாய விலை சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போவோம். அந்தப் போட்டிதான் அங்கே விலையை நேர்மையாக வைத்திருக்கிறது. ஐபிஎம் தன் பிசியை 1981ல் கொண்டுவந்தபோது, அதன் இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. காம்பேக் முதலிய நகல்காரர்கள் வர அதுதான் வழிவிட்டது. கோவை காந்திபுரத்தில் கூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டரை நாம் வாங்க முடிவதற்கு வேர் அங்கே இருக்கிறது. மேக் பக்கம் அந்தப் போட்டி இல்லை. மேக் இயங்குதளம் ஓடும் இன்னொரு இயந்திரம் கடையில் இருந்தால் 20,000 ரூபாய்ப் படிகள் ஒரு சீசன்கூடத் தாங்காது.

கம்பெனி தன் பொருளுக்கு எந்த விலையும் சொல்லலாம், அது அதன் உரிமை. அந்த விலை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் செய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என்ன செய்தார்கள்

மூன்று வழிகளைப் பேசினோம். முழுக்க விண்டோஸுக்கு மாறுவது: இன்டெலின் புதிய சிப்புகள் 4:2:2 காட்சிகளை நன்றாகவே ஓட்டும், ஆனால் பழைய லைப்ரரி ஒன்றும் திறக்காது. பெரிய மேக் வாங்கி அங்கேயே இருந்துவிடுவது: வேலை நிற்காது, ஆனால் அடுத்த ஐந்து வருடக் கல்யாணங்களும் அதே பூட்டுக்குள் போகும். உரிமையாளர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

மேக் மினியின் 59,900 ரூபாய் மாடலையே வாங்கினார்கள். காட்சிகள் எல்லாம் வெளி எஸ்எஸ்டியில், வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு. புதிய கல்யாணங்களை டாவின்சி ரிசால்வ் என்ற வேறொரு எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்ய ஆரம்பித்தார்கள். அது மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் 'ஸ்டுடியோ' என்ற கட்டணப் பதிப்புக்கு ஒருமுறை 295 டாலர் கட்டினால் போதும். ரிசால்வும் ஒரு கம்பெனியின் பொருள்தான், ஆனால் எந்த இயந்திரம் வாங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. எடிட்டர்களுக்கு முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. கைக்குப் பழகிய ஷார்ட்கட் ஒன்றும் வேலை செய்யவில்லை, மூத்தவர் நேராகவே எரிச்சல்பட்டார்.

பழையவற்றுக்கு மேக்கையே கதவாகப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு லைப்ரரியையும் ஃபைனல் கட்டில் திறந்து, மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுத்து, ரிசால்வில் ஏற்றுகிறார்கள். வெட்டுகளும் வரிசையும் வந்துவிடுகின்றன. டைட்டில், எஃபெக்ட், நிறத் திருத்தம் எல்லாம் முழுசாக வராது. அதனால் முடித்த வீடியோவின் நல்ல தரப் பிரதி ஒன்றையும், மங்கல வாழ்த்தின் ஆடியோவைத் தனியாக டபிள்யூஏவி கோப்பாகவும் கூடவே வைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கும் இப்போது கேமராக் காட்சிகளை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுக்கிறார்கள். டிஸ்கின் காசு மட்டும் பில்லில் சேரும்.

இந்தச் செலவை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை. ஒரு லைப்ரரிக்கு அரை நாளாவது போகிறது, எடிட்டர் சம்பளம் ஓடுகிறது. முகூர்த்தம் இல்லாத மார்கழியிலும் ஆடியிலும்தான் இதைச் செய்ய முடியும். கோவையில் போய் முடித்த அந்தக் கல்யாணத்தைத்தான் முதலில் மாற்றினார்கள். 2019, 2020 வருடத்தவை ஆடியில் முடிந்தன. அடுத்ததை மார்கழிக்கு வைத்திருக்கிறார்கள். பழைய ஹேக்கின்டாஷில் இப்போது விண்டோஸ் ஓடுகிறது. மண்டபத்திலிருந்து வரும் மெமரி கார்டுகளைக் காப்பி எடுக்க அது போதும்.